பச்சையப்பன் பெயரை நீக்குவது

மெஹர்னிசா அக்காவைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பாதி ஊராட்சிகளைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதியவர் அவர். அவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது. எழுதினாலும் ‘சான்று தேவை’ என்று ஒருவர் வந்து நிற்பார். அதனால் சான்று கேட்காத இந்த இடத்தில் நான் எழுதிவைக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று சிப்காட்டில் கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது.

அக்கா பழவேற்காட்டுக்காரர். வாப்பாவுக்குக் கருவாட்டு மொத்த வியாபாரம். பொன்னேரியில் வாழ்க்கைப்பட்டார். கணவர் அசன் முகைதீன் சவுதியில் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக், எப்போதாவது வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைகள் இல்லை. உறவுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார முடியாமல் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டி.டி.பி. சென்டர் திறந்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, தாலுகா ஆபீசுக்கு மனு என்று எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பார். எதிரில் நிற்பவர் சொல்லி முடிக்கும் முன் வாக்கியம் திரையில் இருக்கும்.

2005-ல் நான் பயோடேட்டா அடிக்கப் போனேன். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று ஓர் எண்ணம். மாறவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். பக்கத்துக் கம்ப்யூட்டரில் கலைக்களஞ்சியத்தின் பழவேற்காடு பக்கம் திறந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தார். டச்சுக்காரன் கல்லறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், ஊரில் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பது அவர் குறை. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம், சம்பளம் கிடையாது, நானே ஏரிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தின் மேலே இருந்த ‘தொகு’ என்ற பொத்தானைக் காட்டினேன். அன்று என் பயோடேட்டா அடித்து முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது.

பழவேற்காட்டில் தொடங்கியவர் பிறகு நிற்கவில்லை. கோயிலைப் பற்றியும் ராஜாவைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஊராட்சியைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள் என்பார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று பஸ் பிடித்து ஏதாவது ஓர் ஊருக்குப் போவார். ஷிப்ட் இல்லாத வாரங்களில் நானும் என் டி.வி.எஸ். வண்டியில் தனியாகப் போய்ச் சேர்ந்துகொள்வேன். புர்கா போட்ட ஒரு பெண் வந்து, ஏரி எங்கே, குக்கிராமம் எத்தனை, தலைவர்கள் யார் யார் என்று விசாரித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தேர்வாய் கண்டிகைப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட காலம். நிலம் அளக்க வந்தீர்களா என்று முறைப்பார்கள். சில இடங்களில் லோன் கொடுக்க வந்தவர் என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு தரப்புக்கும் சுவாரஸ்யம் போய்விடும்.

ஓடைக்கண்டிகைக்கு 2006-ல் போனார். எனக்கு அன்று ஷிப்ட். ஞாயிறு என்பதால் ஊராட்சி அலுவலகம் பூட்டியிருந்தது. எப்போதும் அப்படித்தான், எங்கள் விடுமுறைதான் அவர்களுக்கும் விடுமுறை. டீக்கடையில் விசாரித்தார். இதற்கு முன் இருந்த தலைவர்கள் பெயரைக் கேட்டபோது நாலைந்து பேர் ஒரே குரலில் பச்சையப்பன் பெயரைச் சொன்னார்கள். ஊர் மாடுகள் மேயும் மேய்க்கால் நிலத்தை ஒரு கம்பெனிக்காரன் கேட்டு வந்ததையும், பிரசிடென்ட் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டதையும் பெருமையாகச் சொன்னார்கள். அக்கா வந்து எழுதினார். ‘1996 முதல் 2001 வரை தலைவராக இருந்தவர் பச்சையப்பன். இவர் காலத்தில் மேய்க்கால் நிலத்தைத் தொழிற்சாலைக்குத் தர மறுத்துக் கிராம சபை தீர்மானம் நிறைவேற்றியது.’

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய சில ஊராட்சிகளில் நடக்கிற கூத்து எல்லோருக்கும் தெரியும். ஓட்டுச்சீட்டில் பெண்டாட்டி பெயர் இருக்கும், நாற்காலியில் புருஷன் இருப்பான். ஊரே அவனைத்தான் பிரசிடென்ட் என்று கூப்பிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே மறந்துபோகும். அக்காவுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அந்த ஊர் ஒதுக்கீட்டில் வந்த ஊரா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

கட்டுரையில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பை ஒட்டியவர் குன்றவன். அது புனைபெயர், ஆள் கனடாவில் இருந்தார். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. மரியாதையாக எழுதுவார், பிழை திருத்துவார், எங்களைப் போலவே காசு வாங்காமல் உழைக்கிறவர். அடுத்த வருஷம் ஒரு நாளிதழின் மாவட்ட இணைப்பில் ‘நம்ம ஊர்’ பகுதியில் ஓடைக்கண்டிகை வந்தது. அக்காவின் கட்டுரையை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லவில்லை. நான் கத்தினேன். அக்காவுக்கோ சந்தோஷம். பேப்பர்காரர்கள் விசாரிக்காமலா போட்டிருப்பார்கள், அப்படியானால் நாம் எழுதியது சரிதான் என்றார். குன்றவனும் அந்த இணைப்பையே சான்றாகச் சேர்த்து, தன் குறிப்பை எடுத்துவிட்டார். அக்காவின் கட்டுரைக்கு அக்காவின் கட்டுரையே சான்றாக நின்றது. அதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

2008 கோடையில் குப்பம்மாள் வந்தார். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் மகள் அருணா வீட்டில் இருப்பதாகவும், ரேஷன் கார்டில் பெயரை அங்கே மாற்ற மனு வேண்டும் என்றும் சொன்னார். ஒடிசலான உடம்பு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பழைய விலாசம் ஓடைக்கண்டிகை என்றதும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் ஊரைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன் என்று பக்கத்தைத் திறந்து, சத்தமாகப் படித்தும் காட்டினார். நான் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் நின்றிருந்தேன். பச்சையப்பன் பெயர் வந்த இடத்தில் அந்த அம்மாள் கையை நீட்டி நிறுத்தினார்.

“அவுரு பிரசிடென்டு இல்லம்மா. அவுரு என் ஊட்டுக்காரரு. நாந்தான் பிரசிடென்டு.”

அக்காவின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

குப்பம்மாள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னார். பதவிக்கு வந்து மூன்று வருஷம் புருஷன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேய்க்கால் விஷயத்தில் கம்பெனி ஆட்கள் பச்சையப்பனைக் கவனித்துக்கொண்டார்கள். நிலத்தைத் தரச் சம்மதம் என்ற தீர்மானத்தை அவர்களே எழுதிக் கொண்டுவந்தார்கள். கிராம சபையில் எல்லோர் முன்னாலும் பேனாவை நீட்டியபோது, மாடு எங்கே மேயும் என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது; தர மாட்டோம் என்று சபை அங்கேயே மாற்றித் தீர்மானம் போட்டது. அன்று வீட்டில் விழுந்த அடியில் இடது காது போனது. ஊர் தீர்மானத்தைக் கொண்டாடத் தொடங்கியதும் பச்சையப்பன் நைசாக அதைத் தன் பெயரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊரும் வழக்கம்போல அவர் பெயரையே சொன்னது. பதவிக்காலம் முடிந்ததும் குப்பம்மாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் காலத்தில் நிலமும் போய்விட்டது. இப்போது அங்கே காம்பவுண்டு சுவர் இருக்கிறது. மகன் சரவணகுமார் அதற்குள்ளேதான் கான்ட்ராக்டில் வேலை செய்கிறான்.

அக்கா மன்னிப்புக் கேட்டார். உடனே உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்றார். குப்பம்மாள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“என் பேரு வராட்டி போவுது. அந்தாளு பேர எடுத்துடும்மா. போடாத அந்த ஒரு கையெழுத்துக்கு நான் வாங்கின அடி எனக்குத்தான் தெரியும். அதையும் அவுரு பேருல எழுதிக்கினு கீறீங்களே.”

அவர் படியிறங்கும் முன்பே அக்கா திருத்திவிட்டார். மறுநாள் காலையில் பழையபடி பச்சையப்பன் இருந்தார். ‘சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்’ என்று குன்றவன் எழுதியிருந்தார். கட்டுரைக்குப் பின்னால் உரையாடுவதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் ‘பச்சையப்பன் பெயரை நீக்குவது’ என்று தலைப்பிட்டு அக்கா எல்லாவற்றையும் விளக்கினார். பிழை தன்னுடையது, நாளிதழ் தன்னிடமிருந்தே எடுத்தது, உண்மையான தலைவரே தன் கடைக்கு வந்து சொன்னார் என்று எழுதினார். குன்றவன் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒருவர் நேரில் சொன்னதைச் சான்றாக ஏற்க முடியாது, அச்சில் வந்திருக்க வேண்டும். நாளிதழ் உங்களிடமிருந்து எடுத்தது என்பதற்கும் அச்சான சான்று இருந்தால் தாருங்கள். அக்கா மறுபடி திருத்தினார், அவர் மறுபடி மாற்றினார். கடைசியில் குன்றவனைப் போன்ற நிர்வாகிகள் தவிர வேறு யாரும் தொடாதபடி அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள்.

நான் குன்றவனுக்கு ஒரு பதில் அடித்தேன். அதை இங்கே எழுத முடியாது. அக்கா அதை அனுப்ப விடவில்லை. அவர் சொல்வது சட்டப்படி சரிதான் என்றார். இந்த விதி இல்லாவிட்டால் பச்சையப்பனே வந்து தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருப்பார் என்றார். அதுதானே நடந்திருக்கிறது, அவர் வராமலே நடந்திருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் முகம் கறுத்துப்போனது.

பிறகு அலைச்சல்தான். கடையைப் பூட்டிவிட்டுத் திருவள்ளூரில் இருந்த நாளிதழ் அலுவலகத்துக்குப் போனார். போன வருஷத்து இணைப்புக்கு இப்போது திருத்தம் போட மாட்டோம் என்றார்கள். உங்கள் வெப்சைட்டிலிருந்துதான் எடுத்தோம் என்று வாயால் சொன்னார்கள்; எழுதித் தரச் சொன்னதும் டீ சாப்பிடுங்கள் என்றார்கள். வேலை நாளில் ஓடைக்கண்டிகை அலுவலகத்துக்குப் போனார். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள்; சுவரில் தலைவர்கள் பெயர்ப் பலகை 2001-லிருந்துதான் தொடங்கியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். இடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டதால் அந்தக் காலப் பதிவேடுகள் நைந்துவிட்டன என்று பதில் வந்தது. தீர்மானமும் அதில்தான் இருந்தது.

ஓரளவு எழுத்துக்கூட்டிப் படிப்பார் குப்பம்மாள். ஆரணியிலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் கடைக்கு வந்து, எடுத்தாயிற்றா என்று கேட்பார். கேட்கும் விதத்தில் நச்சரிப்பு இருக்காது. அதுதான் தாங்க முடியாது. அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார். நெட் வேலை செய்யவில்லை, மேலே எழுதிப் போட்டிருக்கிறேன், அடுத்த மாசம் ஆகிவிடும். கால் வீங்கிப்போய், அருணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் படியேறி வந்த நாளில் அக்காவுக்குக் காரணம் தீர்ந்துபோயிருந்தது.

அன்று அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்டுரையின் வாசகத்தை அப்படியே பிரதியெடுத்து வேறொரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். பச்சையப்பன் இருந்த இடத்தில் குப்பம்மாள் என்று அடித்தார். எழுதுகிறவர்கள் சேமிப்பதற்கு முன்னால் சரிபார்த்துக்கொள்ள ‘முன்தோற்றம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எழுதியது அசல் கட்டுரை மாதிரியே தெரியும். ஆனால் எழுதுகிறவர் திரையில் மட்டும்தான். மூடினால் போய்விடும். அக்கா அதை அழுத்திவிட்டு, திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினார்.

குப்பம்மாள் கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் படித்தார். பச்சையப்பன் எங்கேயும் இல்லை என்று மகளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். இது எல்லா ஊருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அக்கா. அந்த அம்மாள் திரையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்கள் போன பிறகு அக்கா திரையில் அந்த ஜன்னலை மூடினார். சேமிக்க வேண்டுமா என்று கூட அது கேட்கவில்லை. நாலு வருஷம் எழுதி ஒரு பொய்யும் சேர்த்ததில்லை என்று இருந்தேன், தம்பி, இப்போது முதல் பொய்யை அந்த அம்மாளுக்கே காட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அன்று சீக்கிரமே கடையைச் சாத்தினார்.

2009 மார்கழியில் குப்பம்மாள் ஆரணியிலேயே இறந்துபோனார். அடக்கம் ஓடைக்கண்டிகையில், புருஷன் வீட்டுச் செலவில். காரியத்துக்கு முன்னால் நாளிதழில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் போட வேண்டும் என்று மகன் சரவணகுமார் கடைக்கு வந்தான். அக்காதான் அந்த வட்டாரத்துக்கு விளம்பரம் அடித்து அனுப்புகிறவர். அம்மாவின் போட்டோ ஒன்றும், அப்பா சொல்லச் சொல்ல எழுதிவந்த தாள் ஒன்றும் கொடுத்தான். தாளைப் படித்த அக்கா அதை என்னிடம் தள்ளினார். ‘ஓடைக்கண்டிகை முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் திரு. பச்சையப்பன் அவர்களின் அன்பு மனைவி குப்பம்மாள்’ என்று தொடங்கியது.

“தம்பி, உங்க அம்மாதானே பிரசிடென்டா இருந்தாங்க” என்றார் அக்கா.

“தெரியும்க்கா. இன்னா பண்றது? நைனா உயிரோட கீறாரு. இத்தினி வருசமா ஊரு அவரத்தான் பிரசிடென்டுன்னு சொல்லிக்கினு கீது. இப்போ போய் மாத்திப் போட்டா அவரு மொகத்துல முழிக்க முடியாது.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கண் சிவந்து, மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். விளம்பரத்தை அடித்துவையுங்கள், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று பூ வாங்கப் போனான்.

நான் அக்காவிடம் சொன்னேன். இதோ அச்சு. குன்றவன் கேட்ட அச்சு. ‘முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் குப்பம்மாள்’ என்று மாற்றி அனுப்பிவிடுங்கள், அவன் வந்து பார்ப்பதற்குள் போய்விடும், ஜென்மத்துக்கும் சான்று நிற்கும். அக்கா போட்டோவை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நானே எழுதி, அதையே நான் ஆதாரம்னு காட்டவா, தம்பி? மொதல்ல நடந்ததும் அதுதானே.”

பிறகு மகன் கொடுத்த தாளில் இருந்ததை, ஒரு எழுத்து மாறாமல், மெதுவாக அடித்தார். அவர் அவ்வளவு மெதுவாக அடித்து நான் பார்த்ததில்லை. சரவணகுமார் வந்து படித்துப் பார்த்து, சரி என்றான். அனுப்பினார். அவர் செய்தது நியாயம் என்று அன்றே எனக்குத் தெரியும். அந்த நியாயத்தின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான்.

பொங்கல் முடிந்த வாரம் உரையாடல் பக்கத்தில் குன்றவனின் குறிப்பு வந்தது. நல்ல மனுஷன், அந்தத் தலைப்பை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். ‘வணக்கம் மெஹர்னிசா. நீங்கள் எழுப்பிய ஐயம் குறித்துத் தேடிக்கொண்டே இருந்தேன். நாளிதழில் வெளியான குடும்பத்தாரின் அஞ்சலி கிடைத்தது. பச்சையப்பன் தலைவராக இருந்ததை அது உறுதி செய்கிறது. இரண்டாவது சான்றாகச் சேர்த்துவிட்டேன். உங்கள் அக்கறைக்கு நன்றி.’

அக்கா கட்டுரையைத் திறந்தார். பச்சையப்பன் பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று இரண்டு சான்றுகள். இரண்டையும் நான்தான் அடித்தேன் என்று முணுமுணுத்தார். மேய்க்கால் தீர்மானத்துக்குக் கீழே குன்றவன் தன் பங்குக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். அக்கா அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, கணக்கிலிருந்து வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த வரி இன்றும் அங்கே இருக்கிறது: ‘இவருடைய மனைவி குப்பம்மாள்.’